இரண்டு டின் கடலை

புதன்கிழமை இரவு, வீடு அடங்கிய பிறகு, எங்கள் சமையலறையிலிருந்து சின்னச் சின்னதாக ஒரு சத்தம் வரும். டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டைக்கடலை ஊறும் சத்தம் அது. தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிற கடலை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும்போது பாத்திரத்தின் பக்கவாட்டில் இடிக்கும். அப்பாயியும் நானும் படுத்திருந்த அறை சமையலறைக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு அது நன்றாகக் கேட்கும். "கடலை பேசுது, தூங்குடி" என்பார் அப்பாயி.

அளப்பதற்கு அவரிடம் ஒரு டின் இருந்தது. டின் பால் தீர்ந்ததும் மூடியை முழுசாக வெட்டி எடுத்து, விளிம்பைச் சுத்தியலால் தட்டி, கை கிழிக்காதபடி செய்துவைத்த டின். அதன் தாள் எந்தக் காலத்திலோ உரிந்துபோய், அடிப்பக்கம் மட்டும் லேசாகத் துருவேறியிருந்தது. தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய கால் கிலோ கடலை பிடிக்கும். அரிசிக்கும் அதுதான், உளுந்துக்கும் அதுதான். அம்மா வாங்கிவந்த பிளாஸ்டிக் அளவுக் குவளை அலமாரியிலேயே கிடந்தது. ஒரு டின் கடலை ஊறினால் இரண்டு டின் ஆகும், எங்கள் நாலு பேருக்குத் தாராளம். அப்பாயி எப்போதும் இரண்டு டின் போடுவார்.

நாங்கள் சிங்கப்பூரின் பொங்கோலுக்குக் குடிவந்தது 2002ஆம் ஆண்டின் கடைசியில். எனக்கு எட்டு வயது. 1996இல் அறிவிக்கப்பட்ட பொங்கோல் 21 திட்டத்தில் எழும்பிய புளோக்குகளில் ஒன்றில், பதினொன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் மண்ணும் லாலான் புல்லும்தான். இன்று அந்தப் பக்கம் வளைந்து ஓடும் நீர்வழி எல்லாம் 2011இல் வந்தது. ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் மீன்பிடி கம்பங்களும் இருந்த இடம் இது. பழம் விழுவதற்காக மரக்கிளையில் கம்பை எறிவதைத்தான் மலாயில் பொங்கோல் என்ற பெயர் குறிக்கிறது என்று மூன்றாவது வீட்டு மலாய் அத்தை, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பாயிக்கு அந்த விளக்கம் எதுவும் ஆறுதலாக இல்லை. "பொங்கலுன்னு பேரு வச்சிருந்தாலாவது மனசு ஆறும்" என்று அவர் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. சிராங்கூன் ரோட்டின் பூக்கடை வாசமும், தேக்கா சந்தையின் மீன் ஈரமும், விடிகாலைக் கோயில் மணியும் இல்லாத ஊரில் முதன்முதலாக அவர் குடியிருந்தார். 1960களில் ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய நாள் முதல், தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தைத் தாண்டி அவர் வீடு மாறியதே இல்லை.

ஆலங்குடி என்றதும் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள குரு தலம் அது. வியாழக்கிழமை குருவின் நாள், கொண்டைக்கடலை குருவின் தானியம். ஊறவைத்த கடலையை ஊசியில் கோத்து மாலையாகச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை கடலைக்கிழமையாக இருந்தது இப்படித்தான்.

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தாத்தா கச்சாங் பூத்தே விற்றவர். கச்சாங் என்றால் கடலை, பயறு. பூத்தே என்றால் வெள்ளை. சிங்கப்பூரில் ஒரு தலைமுறைக்கு இந்த இரண்டு மலாய்ச் சொற்களும் ஒரு தமிழ் ஆளையே கண்முன் கொண்டுவரும். வெள்ளை வேட்டி கட்டி, தலையில் தட்டு சுமந்து, சினிமாக் கொட்டகை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிற்கிற ஆள். தாத்தா நின்றது மெக்கன்சி ரோட்டில் ரெக்ஸ் தியேட்டர் முன்னால். தட்டில் அவித்த கொண்டைக்கடலை, வறுத்த கடலை, பட்டாணி, சீனி பூசிய கடலை, முறுக்கு. விடிவதற்கு முன்பே எழுந்து கரியடுப்பில் அவித்ததும் மணலில் வறுத்ததும் அப்பாயி. விற்றது மட்டும் தாத்தா. 1983இல் ரெக்ஸ் மூடியது. பிறகு தாத்தா வேறு வாசல்களைத் தேடிப் போனார். 1992இல் யீஷூனில் பத்துத் திரைகளோடு புதுவகைத் தியேட்டர் திறந்து, பாப்கார்ன் உள்ளேயே விற்க ஆரம்பித்ததும் வாசலில் நின்று வாங்குகிற வழக்கமும் குறைந்தது. தாத்தா தட்டை இறக்கி வைத்துவிட்டார். எனக்கு நாலு வயதாகும்போது அவர் போய்விட்டார். அவர் முகம் எனக்குப் படத்தில் பார்த்ததுதான். பழைய தாளை உள்ளங்கையில் சுழற்றி, கூம்பாக்கி, வாலை ஒரு முறுக்கு முறுக்கிப் பொட்டலமாக்கும் வித்தை மட்டும் அப்பாயி வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. என் கணக்குப் பயிற்சித் தாள்கள் எத்தனையோ அந்தப் பொட்டலங்களாகியிருக்கின்றன.

2003 மார்ச் 26, புதன்கிழமை. அப்பாயி வழக்கம்போல இரண்டு டின் அளந்து, கல் பொறுக்கி, மூன்று தண்ணீர் கழுவி ஊறப் போட்டிருந்தார். தொலைக்காட்சியில் சார்ஸ் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாளை முதல் பள்ளிகள் மூடப்படும் என்றார்கள். தொடக்கநிலை மூன்று படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பண்டிகைச் செய்தி. அப்பா அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் குதிப்பதை நிறுத்தினேன். அப்பாவுக்கு வேலை விமான நிலையத்தில், அம்மாவுக்கு ஒரு கிடங்கில். இரண்டு பேரும் போயே ஆக வேண்டும். "புள்ளைய நான் பாத்துக்குறேன். கடலை இருக்கு" என்றார் அப்பாயி.

அடுத்த நாள் காலை அவர் என்னை எதிரே உட்காரவைத்து ஊசியும் நூலும் கொடுத்தார். இரவில் சுருங்கிச் சுருங்கி, கிழவியின் விரல் நுனி மாதிரி இருந்த கடலை எல்லாம் காலையில் தோல் இழுபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. நாங்கள் போடுவது கறுப்புக் கடலை, உருவம் சிறியது. அதன் மூக்கைப் பார்த்துப் பிடித்து, மூக்குக்குப் பக்கவாட்டில் ஊசியை இறக்க வேண்டும். நடுவில் குத்தினால் இரண்டாகப் பிளந்துவிடும். அந்த மூக்கைத்தான் நம் ஆட்கள் கொண்டை என்று பார்த்திருக்கிறார்கள். தாவரவியலில் கடலைக்கு வைத்த பெயர் ஆட்டுக்கடாவின் தலையைப் போன்றது என்ற பொருள் தருவது. மலாய்க்காரர்கள் கச்சாங் கூடா, குதிரைக் கடலை என்கிறார்கள். மக்சிக் அப்படிச் சொன்னதைக் கேட்டு, "குதிரைக்குக் கொள்ளுதானே" என்று அப்பாயி வெகுநேரம் யோசித்தார். 108 கடலை கோக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கோயிலுக்குப் போகத் துணியாத நாட்கள் அவை. ஆலங்குடியிலிருந்து வந்த தட்சிணாமூர்த்தி படத்துக்கு அந்த மாலையைச் சாத்தினோம். மீதி அடுப்புக்குப் போனது.

அந்தச் சமையலை நான் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

குக்கரில் கடலை, அது மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கத் தண்ணீர், கல்லுப்பு, ஒரு சொட்டு நல்லெண்ணெய். ஆறு விசில். ஆவி தானாக அடங்கும்வரை யாரும் குக்கர் பக்கம் போகக்கூடாது. அதற்குள் இரும்புச் சட்டி ஏறும். அந்தச் சட்டியில் மீனோ கறியோ ஒருநாளும் பட்டதில்லை. வியாழன், வெள்ளி, அமாவாசை என்று சைவ நாட்களுக்கு மட்டும் எடுத்து, கழுவி, எண்ணெய் தடவி, பழைய தமிழ் முரசில் சுற்றித் தனியே வைப்பார். எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து ஓய்ந்த பிறகு சோம்பு, ஒரு துண்டு பட்டை, கறிவேப்பிலை. கறிவேப்பிலை எங்கள் வாசல் தொட்டியிலிருந்தே வரும். ரம்பை என்று சிலர் சொல்கிற பாண்டான் இலையை ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே போடுவார். ஊரில் இருந்தவரைக்கும் அந்த இலையை அவர் கண்டதில்லை, இங்கே வந்து பழகியது. அப்புறம் வெங்காயம். அது பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குவார். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு, பச்சை வாசம் போனதும் தக்காளி. கஃப் ரோட்டு மாவு மில்லில் அரைத்து வாங்கிய மசாலாத்தூள் ஒன்றரைக் கரண்டி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக மின்ன ஆரம்பித்ததும் வெந்த கடலையைத் தண்ணீரோடு சேர்ப்பார்.

அவர் கைவேலை இதற்கு அடுத்ததில்தான் இருந்தது. ஒரு கரண்டி கடலையை எடுத்து அம்மியின் குழவியால் நசுக்கி, அந்த மாவைத் திரும்பச் சட்டியில் விடுவார். அதுவரை தண்ணீர் தனி, கடலை தனி என்று நின்றது, அதன் பிறகு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரட்டலாக இறுகும். தேங்காய்ப்பால் வேண்டாம், மாவு கரைத்து ஊற்ற வேண்டாம். கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவலைத் தூவி, அடுப்பை அணைத்து மூடிவிடுவார். திறக்கும்போது பாண்டான் வாசமும் சோம்பு வாசமும் சேர்ந்து காரிடார் வரைக்கும் போகும்.

அந்தக் காரிடாருக்காகத்தான் இரண்டாவது டின்.

எங்கள் வரிசையில் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. பேரப்பிள்ளைகள் அவரை ஆ மா என்று கூப்பிடுவார்கள். என் காதில் அது எப்போதும் நம் 'ஆமா'வாகத்தான் விழும், நானும் அப்படியே கூப்பிட்டேன். அதற்கடுத்து மக்சிக் குடும்பம். 1989 முதல் ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்கிலும் இன்ன இனத்தவர் இத்தனை வீடு என்று அளவு வைத்திருப்பதால் இப்படி அமைவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். பக்கத்துப் பக்கத்தில் கதவு வைப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஒருவர் சமைத்ததை இன்னொருவர் சாப்பிடுவதுதான் சிக்கல். மக்சிக் வீட்டுக்கு ஹலால் வேண்டும், எங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாது, ஆ மா வீட்டில் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வாசம் வரும். அப்பாயியின் கடலைப் பிரட்டல் இந்த மூன்று கதவுக்குள்ளும் தடையில்லாமல் போய்வந்தது. அந்த இரும்புச் சட்டியை மக்சிக் ஒருமுறை நேரில் வந்து பார்த்தார், அப்பாயி விளக்கினார், அதோடு பேச்சு முடிந்தது. கொடுத்தனுப்பிய மங்கு ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. மக்சிக் வீட்டிலிருந்து குவே பலகாரம் வரும், ஆ மா வீட்டிலிருந்து ஆரஞ்சு வரும்.

அப்பாயிக்குச் சீனம் தெரியாது, ஆ மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பாசார் மலாய் தெரியும், சந்தையில் பழகிய உடைந்த மலாய். ஆ மா சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். சந்திரக் கணக்கில் அது நம்முடைய அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். எங்கள் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் எந்த நாளில் சைவம் என்று அப்பாயி தெரிந்து வைத்திருந்தார். கணக்கு சில மாதம் ஒரு நாள் பிசகும். அதற்கும் வழி வைத்திருந்தார். காலையில் இரும்புக் கேட் வழியாகக் குரல் கொடுப்பார்: "இனி ஹாரி மாக்கான் சாயோர்?" இன்றைக்குக் காய்கறிச் சாப்பாடா? "பேசோக்" என்று பதில் வந்தால் நாளைக்கு. அந்த நாளுக்குக் கடலை வேறுவிதம், ஏனென்றால் ஆ மா வெங்காயமும் பூண்டும் விலக்குவார். நம் வீட்டிலும் அமாவாசைக்கு அது கிடையாதே. வெங்காயம் இல்லாத குறைக்கு அப்பாயி இஞ்சியைக் கூட்டி, கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துப் போடுவார். மங்கை நீட்டும்போது மறக்காமல் சொல்வார்: "பாவாங் தாடா." வெங்காயம் இல்லை. ஆ மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "செடாப், செடாப்" என்பார்.

சார்ஸ் நாட்களில் அந்தக் கதவுகள் மூடின. யாரும் யாரோடும் சண்டையில்லை, பயம்தான். லிஃப்டில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் சுவரைப் பார்ப்பார். முதல் வியாழக்கிழமை அப்பாயி மங்கை நிரப்பிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்பா வேலை செய்வது விமான நிலையத்தில் என்று எல்லாருக்கும் தெரியும். "நாம குடுத்தா அவங்க வேண்டாம்னு சொல்ல முடியாம வாங்குவாங்க. அது பாவம்" என்று சொல்லி மங்கைத் திரும்ப உள்ளே வைத்தார். அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் நாங்கள் கடலையே சாப்பிட்டோம். அடுத்த வாரம் அமாவாசை. அப்பாயி காலையில் குரல் கொடுக்கவில்லை. மத்தியானம் கேட்டில் ஏதோ சத்தம். நான் போய்ப் பார்த்தேன். ஆ மா முகக்கவசத்தோடு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். எங்கள் கேட்டின் கம்பியில் அவருடைய காலி மங்கு ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கியது. அது வெறும் மங்குகூட இல்லை, அடியில் இரண்டு ஆரஞ்சு. "பேசோக் மாக்கான் சாயோர்" என்றார். நாளைக்குச் சைவம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பாயி எதுவும் பேசவில்லை. டின்னை எடுத்தார்.

அதிலிருந்து மங்குகள் கேட் கம்பியில் பைகளில் தொங்கிப் போயின, வந்தன. ஆளை ஆள் பார்க்காமல், கொதிக்கக் கொதிக்க மூடிவைத்து. ஏப்ரல் நடுவில் தொடக்கப்பள்ளிகள் திறந்தன. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்பமானி கொடுத்து, வகுப்பிலேயே சுரம் பார்க்க வைத்தார்கள். சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் கண்டு, 33 பேர் இறந்து, மே 31இல் உலகச் சுகாதார நிறுவனம் நம்மை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்த வாரமே காரிடாரில் கதவுகள் திறந்துவிட்டன.

ஜூன் 20இல் வடகிழக்கு ரயில் பாதை திறந்ததுதான் அப்பாயியின் வாழ்க்கையில் பெரிய செய்தி. அதற்கு முன் தேக்காவுக்குப் போவதென்றால் பேருந்து மாறி மாறி அரைநாள். இப்போது பொங்கோலில் ஏறினால் தேக்காவை ஒட்டிய லிட்டில் இந்தியாவில் இறங்கலாம், அரை மணி நேரத்துக்குள். அடுத்த வியாழக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். ஓட்டுநர் இல்லாத ரயில் என்று சொல்லியிருந்தேன். அவர் முதல் பெட்டிக்கே போய், முன்கண்ணாடியில் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கையில் ஒரு தூக்கில் கடலை மாலை இருந்தது. கோயிலில் குருவுக்குச் சாத்திவிட்டு, மளிகைக் கடைக்குப் போய்ச் சாக்கில் கைவிட்டு ஒரு கடலையை எடுத்துக் கடித்தார். "போன வருஷக் கடலை" என்று கடைக்காரரிடமே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே வேறு மூட்டையை அவிழ்த்தார். பழைய கடலை எத்தனை மணி ஊறினாலும் எத்தனை விசில் விட்டாலும் உள்ளே மரக்கட்டையாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பல்லைத் தவிர வேறு கருவி கிடையாது.

கடலையைக் கெடுக்க இன்னொரு வழியும் உண்டு, அதை நானே கண்டேன். பன்னிரண்டு வயதில், அப்பாயி காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வியாழக்கிழமை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தக்காளியையும் குக்கரிலேயே போட்டுவிட்டேன். ஆறு விசில், பத்து விசில், பதினைந்து. கடலை மசியவே இல்லை. புளிப்புப் பட்டால் தோல் இறுகிக்கொள்ளும், வெந்த பிறகுதான் புளிப்பு சேரலாம். அப்பாயி படுக்கையிலிருந்தே ஒன்றை வாங்கி மென்று பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. அன்றைக்கு மங்குகள் போகவில்லை.

அப்பாயி 2014இல் போனார். பதினாறாம் நாள் ஆ மா வந்து, படத்துக்கு முன்னால் நின்று, என் கையைப் பிடித்து, "பாவாங் தாடா" என்றார். வேறு வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கும்தான்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, சீனப் பௌத்தர்களின் சைவ உணவைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் விலக்கும் காரமணப் பொருள்கள் ஐந்து என்று போட்டிருந்தது. பூண்டு, வெங்காயம், அதன் இனத்துக் கீரைகள். ஐந்தாவதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பெருங்காயம். அப்பாயி அத்தனை அமாவாசையும் வெங்காயத்துக்குப் பதிலாக, கவனமாக, அன்பாக, எண்ணெயில் பொரித்துப் போட்டது அதுதான். ஆ மாவின் சமையலறையில் அப்படியொரு பொருளே இருந்திருக்காது. அந்த வாசத்துக்கு அவரிடம் பெயர் இருந்திருக்காது. இரண்டு பேருக்கும் தெரியாமலேயே அத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அந்த மங்குகளை நான் அல்லவா தூக்கிக்கொண்டு போனேன்.

ஆ மா இப்போது அவர் மகளோடு அதே வீட்டில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். பல் இல்லை, காது மந்தம். முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் மறப்பதில்லை. டின் என்னிடம் இருக்கிறது. அவருக்காக இப்போதெல்லாம் எட்டு விசில் விடுகிறேன், பாதிக்கு மேல் நசுக்கிவிடுகிறேன். பெருங்காயம் போடுவதில்லை. இஞ்சி போதும்.